தோரணம் தின்ற கிடாய்

ஆட்டுக்குப் பயந்து வேலி போட்ட இடத்தின் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டாதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் காக்கி உடுத்தியவன், இப்போது புதிதாகக் காக்கி உடுத்தும் உங்களுக்கு ஒரே ஒரு அறிவுரைதான் சொல்லலாம் என்றால் அதைத்தான் சொல்வேன். யானை எதிரே வந்தால் என்ன செய்வது, காட்டுத்தீ பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்றெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். தோரணத்தைப் பற்றி யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பாடம் எனக்குச் சொந்தச் செலவில் கிடைத்தது.

என் பெயர் ஞானராஜ். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். வனக்காப்பாளராகச் சேர்ந்து வனக்காப்பாளராகவே ஓய்வு பெற்றேன். பதவி உயர்வு என்னைத் தேடி வந்த நாட்களில் நான் ஏதாவது ஒரு புதருக்குள் இருந்திருப்பேன் என்று என் மனைவி சொல்வாள். உண்மையாகவும் இருக்கலாம்.

கூமாப்பட்டிக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் ஒரு ஓடைக்கரை. ஊருக்குப் பொதுவான புறம்போக்கு நிலம். மருதும் வாகையும் நாவலும் புளியும் வானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சாம்பல் அணில்கள் தரையில் கால் வைக்காமல் மரத்துக்கு மரம் தாவி அந்தக் கரை முழுவதையும் கடந்துவிடும். அந்தப் பகுதிக்கு மாறுதலாகிப் போன முதல் வாரத்தில் நான் அறிக்கை எழுதினேன்: ‘மரங்கள் அடர்த்தியாகவும் நல்ல நிலையிலும் உள்ளன.’ எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து மகிழ்ந்தேன்.

எங்கள் ரேஞ்சர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். பெயரைச் சொன்னால் இப்போதும் திட்டுவார், ஆகவே விட்டுவிடுகிறேன். அறிக்கையைப் படித்தவர் என்னைக் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுக் கேட்டார்.

“அண்ணே, இங்க சின்னப் பிள்ளைங்க எங்க?”

“பள்ளிக்கூடம் போயிருக்கும் மேடம்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து தரையைக் காட்டினார். நானும் குனிந்தேன். எருக்கு இருந்தது, ஆடாதொடை இருந்தது, உண்ணிச்செடி இருந்தது. ஆடு வாய் வைக்காத செடி என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் செழிப்பாக இருந்தன. மருதங்கன்றோ வாகைக்கன்றோ முழங்காலுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. அந்தக் கரை முழுக்கத் தாத்தாக்கள்தான் நின்றார்கள். பேரன் பேத்தி கிடையாது. தாத்தாக்கள் ஒவ்வொருவராக விழுந்த பிறகு அணில் எதில் தாவும்?

அடி கிழங்கு போலத் தடித்த ஒரு குட்டை மருதஞ்செடியை மேடம் தொட்டுக் காட்டினார். விரல் நீளத்துக்கு நாலு துளிர். அதில் மூன்று கடிபட்டிருந்தது.

“இது போன வருசம் முளைச்சதுன்னு நினைக்காதீங்க. வேரைப் பாத்தா இதுக்கு வயசு பத்துக்கு மேல இருக்கும். வருசா வருசம் துளிர் விடுது, வருசா வருசம் ஆடு கடிக்குது. வளர விட்டா வளந்துரும்.”

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை மறைக்காமல் சொல்கிறேன். அதற்குப் பிறகு எந்தக் காட்டுக்குள் போனாலும் முதலில் குனிந்து பார்ப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நிமிர்ந்து பார்த்தால் காடு எப்போதும் நன்றாகத்தான் தெரியும்.

வேலி போடலாம் என்று முடிவாயிற்று. ஆனால் நிலம் ஊருடையது, ஆடும் ஊருடையது. ஊரில் ஆடு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் வாய் ஒன்றுதான், அது பேச்சியம்மாளின் வாய். நாற்பது வெள்ளாடு, ஒரு தொரட்டிக் கம்பு, கணீரென்ற குரல். அவர் சரி என்றால் எல்லாரும் சரி என்பார்கள்.

“எங்க ஆடு வாரதுக்கு முந்தியே இந்த மரமெல்லாம் வந்துருச்சாக்கும்? எங்க பாட்டன் காலத்துலயும் ஆடு மேஞ்சுதான கெடந்துச்சு?” என்றார்.

“இம்புட்டு ஆடு அப்ப இல்லையேம்மா” என்றேன்.

“சரி, கார்டய்யா. ஓடைக்குக் கீழ இருக்கிற துண்டை மூணு மழைக்கு அடைச்சுக்கிடுங்க. என் கெடாய் எட்டிப் பிடிக்க முடியாத உசரத்துக்கு ஒரு பத்து மரத்தையாவது வளத்துக் காட்டுங்க. காட்டிட்டா மேலத்துண்டையும் தாரோம். கீழத்துண்டைத் தொறந்துவிட்டு மேல அடைச்சுக்கிடலாம், மாத்தி மாத்தி. காட்டலைன்னா வேலியப் பிடுங்கிட்டுப் போயிரணும். பொறவு இந்தப் பக்கம் வந்து கன்னு, குட்டின்னு பேசக் கூடாது.”

நான் சத்தியம் செய்தேன். வேலி போட்டோம். அந்த ஊர்க்காரர்கள் மூன்று ஐப்பசி மழைக்குத் தங்கள் ஆட்டைச் சுற்றுவழியில் ஓட்டிக்கொண்டு போனார்கள். வாக்கு என்றால் அவர்களுக்கு அப்படி. நானும் தினமும் போய்ப் பார்த்தேன். முதல் வருடம் இடுப்புயரம். இரண்டாம் வருடம் என் மூக்குக்கு வந்தது. மூன்றாம் வருடம் அண்ணாந்து பார்த்தேன். அடியில் புதிது புதிதாகக் குட்டிக் கன்றுகளும் முளைத்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்காத குறைதான். என் மகள் திருமணத்துக்கு இத்தனை பூரித்தேனா என்று மனைவி கேட்டாள்.

மூன்றாவது மழை முடிந்ததும் மேடம் நாள் குறித்தார். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவார், ஊர்க்காரர்களும் வருவார்கள். எல்லோர் முன்னாலும் பந்தயத்தை முடித்துக்கொள்ளலாம்.

இங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் நம் ஆட்கள் செய்கிற வேலை உங்களுக்கும் தெரியும். கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். சுண்ணாம்பு மிஞ்சினால் மரத்துக்கும் அடிப்போம். நானும் வாச்சர் மாடசாமியும் முந்தின நாள் மதியம் வேலிக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாக் கல்லையும் வெள்ளையாக்கினோம். அதோடு நின்றிருக்கலாம். வாசல் வெறிச்சென்று இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. இரண்டு பக்கமும் குலையோடு வாழைமரம் கட்டினேன். குறுக்கே மாவிலைத் தோரணம் கட்டினேன். மிச்ச மாவிலையை உள்ளே பாதையோரத்திலும் வரிசையாகச் செருகி வைத்தேன். மூன்று வருடம் ஆடு நுழையாமல் காத்த இடத்துக்கு, வாசலில் தொடங்கி உள்ளே வரைக்கும் ஆட்டுக்கு இலை போட்டுப் பந்தி விரித்தவன் நான். சாயங்காலம் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போனோம். தோரணத்தில் கயிறு மட்டும் இருந்தது. வாழைமரத்தில் உள்பக்கத்து இலைகள் நரம்போடு நின்றன. வேலிக்கு உள்ளே, நான் வெள்ளையடித்த கல்லின் மேல், ஒரு கறுத்த கிடாய் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கழுத்தில் மஞ்சள் துணி, கொம்பில் குங்குமம்.

“போச்சு சார்” என்றான் மாடசாமி. “இது பேச்சியக்கா கருப்பசாமிக்கு நேந்துவிட்ட கெடாய்.”

உங்களில் நகரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் கட்ட மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள். அது யார் வீட்டு வாசலிலும் நிற்கும், யார் பயிரிலும் வாய் வைக்கும். “சாமி வந்திருக்கார்” என்று சொல்லிக் கஞ்சித் தண்ணீர் வைப்பார்கள். பிறந்ததிலிருந்து ஒரு அதட்டலைக்கூடக் கேட்காத கிடாய் அது. அதிகாரிகளில்கூட அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

நான் உள்ளே பார்த்தேன். அடியில் நின்ற குட்டிக் கன்றுகள் ஒன்றுகூட இல்லை. உயரமான மரங்களிலும் கீழ்க்கிளைகளெல்லாம் மொட்டையாகியிருந்தன. ராத்திரி முழுக்க அதற்கு விருந்து நடந்திருக்கிறது.

“பிடிச்சு வெளிய தள்ளுலே” என்றேன்.

“சாமி ஆட்டுல கை வச்சா கை வெளங்காது சார். நீங்க வேதக்காரரு, உங்கள ஒன்னும் செய்யாது. நீங்க பிடிங்க.”

மத நல்லிணக்கம் இப்படியும் ஒரு பக்கம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்தவனுக்குக் கருப்பசாமி பயம் இல்லை என்பது சரி. கொம்பு பயம் எல்லா மதத்துக்கும் பொது. நான் இரண்டடி வைத்தேன். கிடாய் தலையைத் தாழ்த்தியது. அடுத்த நிமிடம் வெள்ளையடித்த கல்லின் மேல் நான் இருந்தேன், கிடாய் கீழே இருந்தது. பேன்ட் பின்புறம் முழுக்கச் சுண்ணாம்பு.

“சாமி, கொஞ்சம் வெளிய வாங்க. பெரியவுக வாராக” என்று மாடசாமி வாசலில் நின்று கும்பிட்டான். சாமி அசைபோட்டது.

பக்கத்து மாந்தோப்பு ராஜபாளையத்துக்காரர் ஒருவருடையது. காவலுக்கு ஒரு ராஜபாளையம் நாய் கட்டியிருந்தார். பால் போல வெள்ளை, ராஜா போல நடை. நான் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் பெருமையாகச் சங்கிலியைக் கையில் கொடுத்து, “அதுக்குத் தமிழ் தெரியாது, எங்க வீட்டுல தெலுங்குதான். ‘ரா’ன்னா வரும்” என்றார். விரட்டு என்பதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்கு நேரமில்லை. அவசரத்தில் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு ஓடாதீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாயை உள்ளே விட்டேன். கிடாயைக் கை காட்டி, தெரிந்த ஒரே தெலுங்கைச் சொன்னேன். “ரா! ரா!” நாய் என்னிடம் வந்து உட்கார்ந்தது. மறுபடி துரத்திவிட்டு, “ரா!” என்றேன். மறுபடி வந்து உட்கார்ந்தது. மூன்றாம் தடவை கிடாயும் வந்தது. அது வந்த வேகத்தைப் பார்த்துவிட்டு நாய் எனக்குப் பின்னால் போய் நின்றது. நாயை ஒப்படைக்கும்போது தோப்புக்காரர், “எப்படி நம்ம ராஜா?” என்றார். “ரொம்ப மரியாதையான நாய்ங்க” என்றேன்.

மணி எட்டரை. பதினொரு மணிக்கு அதிகாரி. இங்கேதான் நான் சறுக்கப் பார்த்தேன். வெளியே போய் நாவலிலும் வேம்பிலும் கிளை ஒடித்துக்கொண்டு வந்து, குட்டிக் கன்றுகள் இருந்த இடத்தில் மண்ணைத் தோண்டிச் செருக ஆரம்பித்தேன். பத்துப் பன்னிரண்டு செருகியிருப்பேன். பார்க்க அசல் கன்று போலவே இருந்தது. நான் ஒன்றைச் செருகிவிட்டு அடுத்ததற்குப் போகும்போது கிடாய் என் பின்னாலேயே வந்து முந்தினதைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. அதையும் கவனிக்காத அளவுக்கு எனக்குப் பதற்றம்.

ஜீப்பிலிருந்து இறங்கி வந்த மேடம் கொஞ்ச நேரம் வேலிக்கு வெளியே நின்று இந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறார்.

“அண்ணே, என்ன செய்றீங்க?”

நான் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். தோரணம், சாமி, தெலுங்கு வரைக்கும். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். என் கையிலிருந்த கிளையை வாங்கிக் கிடாயிடம் கொடுத்தார்.

“இது சாயங்காலத்துக்குள்ள வாடிரும். ஊர்க்காரங்களுக்குக் கன்னுக்கும் குச்சிக்கும் வித்தியாசம் தெரியாதா? மூணு வருசம் அவங்க வாக்கைக் காப்பாத்திருக்காங்க. ஆடு தின்னதை ஆடு தின்னுச்சுன்னே காட்டுவோம். தின்ன முடியாம விட்டது ஏதும் இருந்தா அதையும் காட்டுவோம்.”

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பாடங்களிலேயே பெரியது அது. நான் அப்போது அதை ரசிக்கிற நிலையில் இல்லை.

ஒன்பதரைக்குப் பேச்சியம்மாள் ஊர்க்காரர்களோடு வந்தார். கிடாயைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார். “அடப்பாவி, இங்கயா கெடக்க? நேத்துச் சாயங்காலத்துல இருந்து உன்ன ஊரெல்லாம் தேடுறேனே!” பிறகு மொட்டையான கிளைகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் வேண்டுமென்றே விட்டிருப்பாரோ என்று எனக்குள் ஒரு சந்தேகம் ஓடியது. அது அவருக்கும் தெரிந்துவிட்டது.

“கார்டய்யா, நான் விட்டேன்னு நெனைக்காதீக. கதவு சாவி யாரு பையில இருக்கு? தோரணம் யாரு கட்டுனது?”

நான் சட்டைப்பையை மூடிக்கொண்டேன். மதியம் கதவு திறந்து கிடந்தபோதே உள்ளே போய்விட்ட சாமியைத்தான் நான் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

“சரி, இப்ப இதைப் பிடிச்சுக் கட்டணும்னா உத்தரவு கேக்கணும்” என்றார். மஞ்சள் தண்ணீரைக் கிடாய் தலையில் ஊற்ற வேண்டும். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதம் தந்துவிட்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் இல்லை. ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டுமே, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தோரணம் கட்டியவன்தானே சுமக்க வேண்டும்.

ஒரு குடம் ஊற்றினோம். கிடாய் கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாவது குடம். காதை மட்டும் ஆட்டியது. மூன்றாவது, நான்காவது. வெயிலுக்கு இதமாக இருந்திருக்கும் போல, இன்னும் கொஞ்சம் கழுத்துப் பக்கம் ஊற்று என்பதைப் போல நீட்டிக் கொடுத்தது. வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான் கருப்பசாமி கிடாய்க்கு மஞ்சள் தண்ணீர் அபிஷேகம் செய்கிறேன், இது எங்கள் பாஸ்டர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற கவலை வேறு.

“பாவம்மா, ரொம்ப நனையுது” என்றேன், முதுகு வலியில்.

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்” என்றார் பேச்சியம்மாள். “அடுத்த கொடம் எடுத்துட்டு வாங்க.”

ஆறாவது குடத்தோடு நான் ஏறி வரும்போது பெரிய அதிகாரியின் வண்டி வந்து நின்றது. மடிப்புக் கலையாத சீருடை. வாசலில் வெறும் கயிறு. உள்ளே மஞ்சளில் குளித்த ஒரு கிடாய், சுற்றிக் கும்பிட்டபடி ஒரு கூட்டம், சுண்ணாம்புப் பேன்ட்டோடும் குடத்தோடும் ஒரு வனக்காப்பாளர். அவர் மேடத்தைப் பார்த்தார்.

“இது ஆடு நுழையாத இடம்னு சொன்னீங்க.”

“நேத்து வரைக்கும் சார்” என்றார் மேடம். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, என் பின்புறமே சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்குள் கிடாய்க்கு எங்கள் பேச்சு அலுத்துவிட்டது. அது நடந்து போய் ஒரு மருதின் கீழே நின்றது. எந்த மருதென்று நினைக்கிறீர்கள்? விரல் நீளத் துளிரோடு மேடம் எனக்குக் காட்டினாரே, அதே குட்டைச் செடி. கீழே இருந்த இலையெல்லாம் போய்விட்டது. மேலே இருந்தது. கிடாய் முன்னங்கால் இரண்டையும் மரத்தில் ஊன்றி எழுந்து நின்றது.

மாடசாமி என் கையைப் பிடித்துக்கொண்டான். கிடாய் கழுத்தை நீட்டியது, நாக்கை நீட்டியது. மரம் ஆடியது, வளையவில்லை. என் மணிக்கட்டுப் பருமன் வந்திருந்த மரம். நாக்குக்கும் இலைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கிடாய் இறங்கி அடுத்த மரத்துக்குப் போனது. அங்கேயும் அதே கதை. பேச்சியம்மாள் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார். வாகை, நாவல், மறுபடி மருது. பத்து தாண்டியது. பதினேழாவது மரத்தில் கிடாய் தோற்றுப்போய்க் கால் இரண்டையும் தரையில் வைத்தது. மூன்று வருடமாகக் கிடைக்காத நிம்மதி எனக்கு அப்போது கிடைத்தது. எல்லோர் முன்னாலும் அழுதேன். குடத்துத் தண்ணீர் தெறித்தது என்று பிறகு சொல்லிச் சமாளித்தேன்.

கிடாய் கோபத்தோடு திரும்பி நேராகப் பெரிய அதிகாரியின் முன்னால் போய் நின்றது. அவர் சிநேகமாகக் குனிந்தார். கிடாய் ஐந்து குடத் தண்ணீரையும் உச்சி முதல் வால் வரை ஒரே உதறலாக உதறியது.

சீருடையில் மஞ்சள் படாத இடமே இல்லை. பிறகு பேச்சியம்மாள் குலவை போட்டார், மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

“சாமி உத்தரவு குடுத்துட்டாரு! மேலத்துண்டையும் அடைச்சுக்கிடுங்க கார்டய்யா!”

அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடத்திடம் மெதுவாகக் கேட்டார். “இதை அறிக்கையில எப்படி எழுதுறது?”

“பயனாளிகளின் ஒப்புதல் பெறப்பட்டதுன்னு எழுதலாம் சார்.”

அப்படியே எழுதினார்கள். கீழத்துண்டைத் திறந்துவிட்டு மேலத்துண்டை அடைத்தோம். ஆடுகள் கீழே மேய்ந்தன, மரங்கள் மேலே வளர்ந்தன. ஆடே கூடாது என்று நினைத்துக்கொண்டு வேலைக்கு வந்தவன் நான். ஒரு கன்று ஆட்டின் வாயைத் தாண்டி வளரும் வரைக்கும் கால அவகாசம் வாங்கித் தருவதுதான் நம் வேலை என்று அந்தக் கிடாய் எனக்கு அளந்து காட்டியது.

கிடாய் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த வருடக் கோயில் கொடைத் திருவிழாவில் பலி கொடுக்க உத்தரவு கேட்டு அதன் தலையில் எவ்வளவோ தண்ணீர் ஊற்றினார்கள். அது உதறவே இல்லை. உத்தரவு இல்லாமல் கத்தி வைக்க மாட்டார்கள். அடுத்த வருடமும் அப்படியே. இருந்த ஒரே உதறலை அது என் மரத்துக்காகச் செலவு செய்துவிட்டது என்பது மாடசாமியின் கட்சி.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் ஊரில் சொல்லிக்கொள்ளப் போனேன். பேச்சியம்மாள் அந்தக் கிழட்டுக் கிடாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொம்பு ஒன்று உடைந்திருந்தது, தாடி நரைத்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தது.

“கேக்காமப் போயிருவீகளா?” என்று சொல்லிவிட்டு, பேச்சியம்மாள் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார்.

நாங்கள் காத்திருந்தோம். அது கண்ணை மூடிக்கொண்டு அசைபோட்டது.

“உத்தரவு கெடைக்கல” என்றார் பேச்சியம்மாள். “செவ்வாக்கெழம மேலத்துண்டு வேலியப் பாக்க வந்துருங்க.”

அதனால்தான் இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்த ஓடைக்கரையில் வயசான ஒரு ஆள் குனிந்துகொண்டு நின்றால் சந்தேகப்பட்டு விசாரிக்காதீர்கள். கன்று எண்ணிக்கொண்டிருப்பேன்.